உடனே சார் அனுப்பாத மெயில்

எங்கள் அச்சகத்துக்குள் ஒரு ஈ நுழைய வேண்டும் என்றாலும் என்னைக் கேட்டுத்தான் நுழைய வேண்டும் என்று நான் சொல்லித் திரிந்தது உண்மை. ஒரு தடவை அல்ல, பல தடவை. வருடாந்திரக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தே சொன்னேன். இந்தக் கதையில் நான் மூக்குடைபட்டது அந்த வாயால்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் என் கெட்டிக்காரத்தனத்தை நானே சொல்லும்போது யாரும் முகம் சுளிக்கக் கூடாது, அதற்காகத்தான்.

அச்சகத்தின் கம்ப்யூட்டர், நெட்வொர்க், மெயில் எல்லாம் என் பொறுப்பு. எந்நேரமும் கையில் ஒரு கேபிளோடு அலைவதால் எனக்கு வயர்க்காரி என்று பெயர். வைத்தது என் அண்ணி. என் அண்ணன் மனைவியும் நானும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருக்கிறோம், ஒரே அச்சகத்தில் வேலை பார்க்கிறோம். அண்ணி பக்கம் கோர்ப்பவர், எழுத்தையும் படத்தையும் கம்ப்யூட்டரில் அடுக்கிப் பக்கமாக்குவது அவர் வேலை. கணக்குச் சூத்திரமோ ரசாயனச் சமன்பாடோ, அவர் கை பட்டுவிட்டால் ஒரு புள்ளி இடம் மாறாது. வீட்டில் ஊறுகாய்ப் பாட்டில்களின் மூடிகள்கூட ஒரே கோட்டில்தான் இருக்கும்.

நாங்கள் அச்சடிப்பது தேர்வுத் தாள்கள். அதனால் இரண்டாம் மாடி தனி உலகம். அங்கே செல்போன் சிக்னலை அடைத்துவைக்கும் கருவி ஓடும், இன்டர்நெட் கிடையாது. நடு அறைக்கு சீல் ரூம் என்று பெயர். அண்ணி காலை ஒன்பது மணிக்குப் போனை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வெளியே வருவார். சாப்பாடு கதவுக்குப் போகும். உள்ளே இருக்கும் ஒரே கம்ப்யூட்டருக்கு, கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் சர்வர் வழியாக மெயில் வரும். அலுவலக முகவரியிலிருந்து வருவதை மட்டும்தான் அது ஏற்றுக்கொள்ளும். அப்படித்தான் நான் அமைத்திருந்தேன், அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

மெயில் அனுப்புவது பெரும்பாலும் மேனேஜர். அவர் ஆளைப் பார்த்துப் பேசியதை நான் பார்த்ததே இல்லை. பக்கத்து மேசைக்கும் மெயில்தான். வணக்கம் கிடையாது, பெயர் கிடையாது, ஒரே ஒரு வரி, கடைசியில் 'உடனே' என்று ஒரு சொல். 'நான்காம் மெஷினுக்கு மை மாற்றவும். உடனே.' 'மாடிப் படியில் பெட்டிகளை அகற்றவும். உடனே.' அதனால் அவருக்கு உடனே சார் என்று பெயர். அதை வைத்ததும் அண்ணிதான். இது போதாதென்று, மேனேஜர் அந்த மெயில்களை அப்படியே அச்செடுத்து இரண்டாம் மாடி நடையில் தண்ணீர் மெஷினுக்கு மேலே உள்ள பலகையில் குத்தி வைப்பார். அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, தேதி, நேரம் எல்லாம் பளிச்சென்று தெரியும். தண்ணீர் குடிக்க வந்தவர்கள் வேறு வேலை இல்லாமல் அதைப் படித்துவிட்டுப் போவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை நர்ஸ் தகுதித் தேர்வின் வினாத்தாள் முழுசாகக் கோர்த்து முடிந்திருந்தது. தேர்வுக்குப் பதினொரு நாள். காலை பதினொன்றே முக்காலுக்கு சீல் ரூம் கம்ப்யூட்டரில் ஒரு மெயில் வந்தது.

'முழுத் தாளையும் மூன்றாம் மெஷினுக்குச் சோதனைக்காக அனுப்பவும். உடனே.'

அண்ணி அனுப்பினார். அடுத்த நாள் காலை, உள்ளே போவதற்கு முன்னால், சோதனைப் பிரதி எப்படி வந்திருக்கிறது என்று மெஷின் ஃபோர்மேனைக் கேட்டார்.

"எந்தப் பிரதி? மூணாம் மெஷின் வெள்ளிக்கிழமையே ரிப்பேர். கரண்டே போடல" என்றார் அவர்.

அண்ணி நேராக மேனேஜரிடம் போனார். யாரும் அவரைப் பிடித்துக் கொண்டுபோகவில்லை, தானாகப் போனார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த அரை மணி நேரத்தில் அங்கே ஒருத்தருக்கும் இது ஞாபகம் இல்லாமல் போய்விட்டது.

"நான் அப்படி ஒரு மெயிலே அனுப்பல" என்றார் மேனேஜர். அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதே எனக்கு ஆச்சரியம்.

"உங்க பேர்லதான் சார் வந்திருக்கு. உங்க முகவரிதான்."

"அனுப்பலைன்னு சொல்றேன். அப்ப தாள் எங்க போச்சு? நீங்களே ஒரு மெயிலை உருவாக்கி, நீங்களே தாளை எங்கயோ அனுப்பிட்டு, இப்ப வந்து நல்ல பேர் வாங்கப் பாக்குறீங்களா? கை சுத்தமில்லாதவங்களை அந்த ரூமுக்குள்ள விட்டது என் தப்பு."

பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பதினாலு வருஷம் அந்த அறைக்குள் உட்கார்ந்து ஒரு காகிதத் துண்டைக்கூட வெளியே கொண்டுவராதவர் என் அண்ணி. போனை எடுத்தார், பையைத் தோளில் போட்டார், வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த கேபிளை மேனேஜர் கழுத்தில் சுற்றியிருப்பேன். ஆனால் கேபிள் புதுசு.

முதலாளியம்மா என்னையும் மேனேஜரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அறுபது வயது, குரலை உயர்த்தவே மாட்டார், அதனால்தான் எல்லோருக்கும் பயம்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தேர்வு வாரியத்து அதிகாரி வர்றார். தாள் எங்க போச்சுன்னு நான் அவருக்குப் பதில் சொல்லணும். பதில் இல்லைன்னா போலீஸ்ல புகார் குடுக்கணும், கடைசியா தாளை அனுப்பினது யாருன்னு கேப்பாங்க, நான் உங்க அண்ணி பேரைச் சொல்லணும். உனக்கு எவ்வளவு நேரம் வேணும்?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரு மணி நேரம் மேடம்" என்றேன். பத்து நிமிஷம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அன்றைக்குக் கொஞ்சம் அடக்கிக்கொண்டேன்.

மெயில் என்பது தபால் மாதிரிதான். உறையின் மேல் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், பேனா ஒன்றும் கையைத் தட்டிவிடாது. நாம் திரையில் பார்ப்பது அந்தப் பெயரைத்தான். ஆனால் வந்த வழியில் ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையைக் குத்தித்தான் அடுத்ததற்குத் தள்ளும். அந்த முத்திரைகள் மெயிலுக்குப் பின்னால் மறைந்திருக்கும், திறந்து பார்த்தால் தெரியும். நான் திறந்தேன். மேனேஜர் அறையிலிருந்து சீல் ரூமுக்கு வரும் மெயில் கட்டடத்தைவிட்டு வெளியே போவதே இல்லை, ஒரே ஒரு முத்திரைதான் இருக்கும். இதில் நாலு இருந்தன. முதல் முத்திரை, நாங்கள் கேள்விப்பட்டே இராத ஏதோ ஒரு வெளிச் சர்வருடையது.

அண்ணி பிழைத்தார் என்று துள்ளி எழுந்தேன். கதவு வரைக்கும் போய்விட்டேன். அங்கே போனதும்தான் அடுத்த கேள்வி உறைத்தது.

வெளியிலிருந்து வந்த மெயில் உள்ளே எப்படி வந்தது? திரும்பி வந்து உட்கார்ந்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பார்க்கப் பிடிக்காமல் இரண்டு நிமிஷம் திரையின் ஓரத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தேன். நான் நினைத்ததேதான்.

முதலாளியம்மா அறையில் மெயிலின் பின்பக்கத்தைத் தாளில் எடுத்து மேசையில் வைத்தேன், நாலு முத்திரையையும் விரல் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். மேனேஜர் பக்கத்தில் நின்றார்.

"சரி, சாரும் அனுப்பல, வெளி ஆள் அனுப்பியிருக்கான்னு சொல்ற. நம்ம பேரைப் போட்டு வெளியில இருந்து வந்ததை நம்ம சர்வர் ஏன் உள்ள விட்டுச்சு?" என்றார் அம்மா.

"அதான் மேடம் நானும் கேக்குறேன்" என்று மேனேஜர் முந்திக்கொண்டார். "ஒரு ஈ கூட நுழைய முடியாதுன்னு இவங்கதான் மைக்ல சொன்னாங்க. அப்ப வெளி ஆள் எப்படி வருவான்? உள்ள இருக்கிற யாரோ வழி பண்ணிக் குடுத்திருக்கணும். அந்த ரூமுக்குள்ள இருந்தது ஒரே ஒருத்தங்க."

என் வாயால் கட்டிய கயிறு அண்ணி கழுத்தில் தொங்கியது. எனக்கு அந்த நேரத்தில் நூறு பொய் தோன்றின, பொய் என்று வந்துவிட்டால் எனக்குக் கற்பனை பஞ்சமே கிடையாது. ஹேக்கர்கள் பயங்கர கெட்டிக்காரர்கள், இந்த மாதிரித் தாக்குதலை உலகத்தில் யாராலும் தடுக்க முடியாது என்று நாலு பெரிய வார்த்தை சொன்னால் இரண்டு பேருக்கும் புரியாது, தலையாட்டிவிடுவார்கள். ஆனால் அப்போதும் அண்ணி மேல் இருந்த சந்தேகம் அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நாளும் அந்த முகத்தில்தானே நான் விழிக்க வேண்டும்.

"உள்ள விட்டது நான்தான் மேடம்" என்றேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம பேர்ல யார் யார் மெயில் அனுப்பலாம்னு ஒரு பட்டியல் வெளியில போட்டு வச்சிருக்கேன். நம்ம மெயில் ஒவ்வொண்ணுலயும் நம்ம கையெழுத்து மாதிரி ஒரு முத்திரை விழும். இந்த மெயில் பட்டியல்லயும் இல்ல, முத்திரையும் இல்ல. போலின்னு சர்வருக்கே தெரிஞ்சிருக்கு. ஆனா போலின்னு தெரிஞ்சா என்ன பண்ணணும்னு மூணாவதா ஒரு கட்டளை குடுக்கணும். கண்டுக்காம விடு, ஒதுக்கி வை, திருப்பி அனுப்பு, மூணுல ஒண்ணு. நான் கண்டுக்காம விடுன்னு போட்டிருந்தேன்."

"ஏன்?"

"எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு வெளிக் கம்பெனி மூலமா நம்ம வாடிக்கையாளருக்கெல்லாம் அறிவிப்பு அனுப்பினோம். அந்தக் கம்பெனி பட்டியல்ல இல்லாததால எல்லாம் திரும்பி வந்துடுச்சு. சார் சத்தம் போட்டார். ரெண்டு வாரத்துக்குத் தளர்த்தி வச்சுட்டு, கம்பெனியைப் பட்டியல்ல சேத்துட்டு, திரும்ப இறுக்கிடலாம்னு நினைச்சேன். சேத்தேன். இறுக்க மறந்துட்டேன். சீல் ரூமுக்கு ஆபீஸ் முகவரியில இருந்து வர்றது மட்டும்தான் போகும்னு நான் போட்டிருந்த தடையும் உறை மேல இருக்கிற பேரை மட்டும்தான் பாக்குது. அதுவும் என் வேலைதான். சார் சத்தம் போட்டது நிஜம், ஆனா கை என்னுது. அண்ணிக்கு இதுல ஒண்ணும் தெரியாது மேடம்."

எனக்குக் காது இரண்டும் கொதித்தன. அழுகை வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இருந்தாலும், அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் மெதுவாக.

"எதுல கேப்பாங்க?" என்றார் அம்மா. "போனைப் பெட்டியில போடச் சொன்னது நாம. ஆறு மணி வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னதும் நாம. அந்த ரூம்ல இருக்கிறவங்களுக்கு மெயிலைத் தவிர வேற வாயே கிடையாது. அதோட, நீங்க அனுப்பினதுக்கு யாராவது ஏன்னு கேட்டு நீங்க பதில் சொல்லி நான் பாத்ததில்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் கணக்கை அப்புறம் பாக்கலாம். தாள் எங்க?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். மறந்தது நான் என்றால் கண்டுபிடிப்பதும் நான்தான்.

நெட்வொர்க்கிலும் அதே கதைதான், அடையாள அட்டை கேட்கும் பழக்கம் அங்கே இல்லை. சீல் ரூம் கம்ப்யூட்டர், மூன்றாம் மெஷின் யார் என்று சத்தம் போட்டுக் கேட்கும். நான்தான் என்று எது கையைத் தூக்குகிறதோ அதை நம்பித் தாளைக் கொடுத்துவிடும். உண்மையான மூன்றாம் மெஷின் வெள்ளிக்கிழமையிலிருந்து செத்துக் கிடந்தது. அப்படியென்றால் வேறு ஏதோ ஒன்று கையைத் தூக்கியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு எண் கொடுத்திருப்பார்கள். சீல் ரூம் கம்ப்யூட்டர் எந்த எண்ணிடம் தாளைக் கொடுத்தது என்று எடுத்தேன். கீழே மெஷின் ஹாலுக்குப் போய் மூன்றாம் மெஷினின் முதுகில் டார்ச் அடித்து அங்கே ஒட்டியிருந்த எண்ணைப் படித்தேன். சம்பந்தமே இல்லை.

கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் அலமாரியைத் திறந்தேன். அந்தப் பொய் எண் எந்தக் கேபிள் ஓட்டையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால், பதினேழு. இந்த இடத்தில் என்னைப் பற்றி நானே நல்லதாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்த அலமாரியில் இருக்கும் எல்லாக் கேபிளிலும் என் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கும். பதினேழில், 'இரண்டாம் மாடி நடை, தண்ணீர் மெஷின் பின்னால், பழைய வருகைப் பதிவு' என்று எழுதியிருந்தது. வருகைப் பதிவு மெஷினைக் கழற்றி ஒரு வருஷம் ஆகிறது. ஓட்டையை அடைக்காமல் விட்டதும் நான்தான். அன்றைக்கு என் தப்புகளெல்லாம் பேசி வைத்துக்கொண்டு வந்த மாதிரி வந்தன.

தண்ணீர் மெஷினை ஃபோர்மேன் நகர்த்திக் கொடுத்தார். சுவரில் இருந்த சாக்கெட்டில், சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, ஒற்றைப் பச்சை விளக்கோடு. கேபிளைப் பிடுங்கி ஒரு துணியில் சுற்றி எடுத்தேன். அந்த மாடியில் சிக்னல் கிடையாது, இன்டர்நெட்டுக்கு வழி கிடையாது. இது எதையும் வெளியே அனுப்பியிருக்க முடியாது. அப்படியென்றால் வைத்தவன் வந்து கையால் எடுத்தால்தான் உண்டு.

வைத்தவன் யார் என்று வரவேற்பு மேசையில் கேட்டேன்.

"போன வியாழக்கிழமை தண்ணி மெஷின் ஃபில்டர் மாத்த ஒருத்தர் வந்தார். இன்னைக்கு மூணு மணிக்கும் வருவார். லீக் ஆகுதாம், அந்தக் கம்பெனியில இருந்து மெயில் வந்திருக்கு" என்றார் வரவேற்பு அக்கா. "அவர் குடுத்த கார்டுகூட இருக்கு. அந்த நம்பருக்குப் பேசிப் பாக்கவா?"

"அவன் குடுத்த நம்பருக்குப் பேசினா அவன்தானே அக்கா எடுப்பான்?"

கோப்பிலிருந்து பழைய ஒப்பந்தத்தை எடுத்து, அதில் இருந்த எண்ணுக்கு நானே பேசினேன். தண்ணீர்க் கம்பெனியில் ஒரு பெண் எடுத்தார். வியாழக்கிழமை யாரையும் அனுப்பவில்லை, இன்றைக்கும் யாரையும் அனுப்பவில்லை, உங்கள் ஃபில்டருக்கு இன்னும் நாலு மாசம் இருக்கிறது என்றார். அண்ணிக்கும் இந்த மாதிரி ஒரு போன் அந்த அறையில் இருந்திருந்தால் திங்கட்கிழமையே இது முடிந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

முதலாளியம்மா போலீஸுக்குச் சொன்னார். சாதா உடையில் இரண்டு பேர் வந்து, நடையில் காகிதக் கட்டுகளைச் சும்மா எண்ணுவது போல நின்றார்கள். நான் பெட்டி இருந்த இடத்தில் என் பழைய சார்ஜரைச் செருகிவிட்டு, தம்ளரோடு பக்கத்தில் நின்றேன். நாலு தம்ளர் தண்ணீர் குடித்தேன். மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நீலச் சட்டை, கருவிப் பை, கையில் ஒரு பழைய ஃபில்டர் கூடு என்று அவன் வந்தான். நல்ல முகம். எனக்கு வணக்கம்கூடச் சொன்னான். மெஷினை நகர்த்தி, கையைப் பின்னால் விட்டு, எடுத்துப் பார்க்காமலே ஃபில்டர் கூட்டுக்குள் போட்டு மூடினான்.

"அண்ணே, அது என் சார்ஜர். ஒயர் ஒரு பக்கம் போயிடுச்சு, உங்களுக்கு உதவாது" என்றேன்.

அவன் கூட்டைத் திறந்து பார்த்தான். காகிதம் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எண்ணுவதை நிறுத்தினார்கள். அவன் முகம் போன போக்கை அண்ணி பார்க்கவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

ஐந்து மணிக்கு அதிகாரி வந்தபோது முதலாளியம்மாவிடம் பதில் இருந்தது. தாள் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ளேயே இருந்தது, வெளியே போகவில்லை. போலீஸின் கம்ப்யூட்டர் ஆட்களும் அதையே சொன்னார்கள். மெயில் எந்த முகவரிக்குப் போகும், என்ன தொனியில் போகும் என்பதையெல்லாம் பலகையில் இருந்த மேனேஜரின் மெயில்களைப் படித்தே தெரிந்துகொண்டதாக அவன் ஒத்துக்கொண்டான். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எதுக்கு வம்பு? மாற்றுத் தாள் ஒண்ணு தயாரா இருக்கு. அதையே கோத்து அடிங்க. நாளை மறுநாள் காலையில எனக்குப் பிரதி வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதாவது அண்ணி வேண்டும். ஒரே நாளில் அத்தனை பக்கத்தையும் கோர்க்க அவரைவிட்டால் ஆள் இல்லை.

"நான் சொல்லிடுறேன் மேடம்" என்றார் மேனேஜர்.

வீட்டுக்குப் போனதும் நான் அண்ணியிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. துணி மடித்துக்கொண்டே கேட்டார். சட்டைகளின் காலர்கள் ஒரே உயரத்தில் அடுக்கியிருந்தன.

"எட்டு மாசமா கதவைத் திறந்து போட்டுட்டு ஈயைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தியா?" என்றார்.

"மன்னிச்சுடுங்க அண்ணி."

"போய்க் கை கழுவிட்டு வா. சாப்பிடலாம்" என்றார். அவ்வளவுதான். நான் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் இல்லை, அதற்குக் குறைவாக அவர் செய்யவும் மாட்டார்.

மறுநாள் காலை நான் ஏழரைக்கே போய் நிறைய வேலை செய்தேன். போலி மெயில் வந்தால் திருப்பி அனுப்பு என்று கட்டளையை இறுக்கினேன். சீல் ரூம் மெயில் பெயரைப் பார்க்காமல் முத்திரையைப் பார்க்கும்படி மாற்றினேன். அலமாரியில் காலியாக இருந்த எல்லா ஓட்டையையும் அடைத்தேன். ஒவ்வொரு மெஷினின் தொழிற்சாலை எண்ணையும் எழுதிப்போட்டு, வேறு எண் கையைத் தூக்கினால் கதவைச் சாத்து என்று சொல்லிவைத்தேன். பலகையில் இருந்த மெயில்களைக் கிழித்துப்போட்டேன், அதை மட்டும் கொஞ்சம் ஆசையாகவே செய்தேன். கடைசியாக சீல் ரூம் மேசையில், மேனேஜர் அறைக்கும் முதலாளியம்மா அறைக்கும் மட்டும் போகிற மாதிரி ஒரு கம்பிப் போன் வைத்தேன். கட்டடத்தைவிட்டு வெளியே அதில் பேச முடியாது.

மணி ஒன்பதரை ஆகியும் அண்ணி வரவில்லை. முதலாளியம்மா கீழே இறங்கி வந்தார்.

"சொன்னீங்களா?" என்று மேனேஜரைக் கேட்டார்.

"நேத்து சாயங்காலமே மெயில் அனுப்பிட்டேனே மேடம்."

நான் வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணி முதல் மணியிலேயே எடுத்தார்.

"போன்ல மெயில் வந்துச்சு. 'காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வரவும், உடனே'ன்னு போட்டிருக்கு. முந்தாநாள் வந்ததும் இதே மாதிரிதான் இருந்துச்சு, இதே பேரு, இதே உடனே. உறை மேல யாரு பேரை வேணாலும் எழுதலாம்னு நீதானே சொன்னே? பத்துப் பேர் முன்னாடி வாயால சொன்னதை வாயாலதான் மாத்தணும். நான் எதையும் கேக்காம செய்யறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்."

இதை அப்படியே திருப்பிச் சொன்னேன். ஒரு சொல்கூட மாற்றவில்லை, மாற்ற எனக்கு மனசும் வரவில்லை. மேனேஜரின் காது சிவந்தது. முதலாளியம்மா அவரைப் பார்த்தார், கார்ச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். எனக்கு வழி தெரியும் என்பதால் நானும் போனேன். வழி முழுக்க அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது, ஒத்திகை பார்க்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவர் தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து அண்ணியின் குரல்.

"நான்தான்."

"நான்தான்னா?"

"மேனேஜர்."

"மேனேஜர்னு யாரு வேணாலும் சொல்லலாம். என்ன விஷயம்?"

மாடிப்படியில் பாதி இறங்கிய பக்கத்துப் போர்ஷன்காரர் அப்படியே நின்றுவிட்டார். மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"நேத்து உங்களைக் கை சுத்தமில்லாதவங்கன்னு சொன்னேன். பத்துப் பேர் முன்னாடி சொன்னேன். அது தப்பு. நீங்களா வந்து என்கிட்டச் சொல்லலைன்னா அந்தப் பெட்டி இன்னைக்கு வெளிய போயிருக்கும், நர்ஸ் தேர்வே நின்னுபோயிருக்கும். மன்னிச்சுடுங்க. ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் இதைத் திரும்பச் சொல்றேன். வேலைக்கு வாங்கம்மா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்களுக்கு எப்ப முடியுமோ அப்ப வந்தாப் போதும்" என்றார்.

கதவு திறந்தது. அண்ணி செருப்பு மாட்டி, பையைத் தோளில் போட்டு, தலை வாரி நின்றிருந்தார். காலை ஏழு மணிக்கே கிளம்பித் தயாராகிவிட்டார் என்று அண்ணன் பிறகு சொன்னான்.

"குரல் உங்களுதுதான். போலாம்" என்றார்.

அன்றைக்கு மெஷின் ஹாலில் மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், பத்துப் பேர் இல்லை, முப்பது பேர் முன்னால். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. முதலாளியம்மா அதை என் மேசைக்கே வந்து கையில் கொடுத்தார், நான் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு மேனேஜர் அறையில் அந்தக் கம்பிப் போன் முதல் தடவையாக அடித்தது. நான் அங்கே அவருடைய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணாம் பக்கத்துல படத்தை மேல தூக்கச் சொல்லி மெயில் வந்திருக்கு. நீங்க அனுப்பினதுதானா?" என்று அண்ணியின் குரல் எனக்கே கேட்டது.

"நான்தாம்மா அனுப்பினேன்" என்றார் மேனேஜர். போனை வைக்கப் போனவர் திரும்பவும் காதில் வைத்தார். "கேட்டதுக்கு நன்றி."